எர்த்ஸீயில் பெண்கள் எங்கே? – கடிதமும் பதிலும்

டீச்சருக்கு வணக்கம்.

நான் சுங்கை பட்டாணிக்காரன். இப்போது குடும்பத்தோடு பிறையில் இருக்கிறேன். வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். காலையில் தொழிற்சாலை பஸ் பினாங்குப் பாலத்தைக் கடக்கும் நேரத்தில்தான் உங்கள் தளத்தைப் படிப்பேன்.

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. படிவம் நான்கில் அந்தப் புத்தகத்தைப் பைத்தியம் பிடித்த மாதிரி படித்தவன் நான். பாதி ஆங்கிலம் புரியாது, பக்கத்திலேயே அகராதி இருக்கும். இருந்தாலும் ஆடு மேய்த்த பையன் கெட் மந்திரவாதியாகிறான், ரோக் தீவுப் பள்ளியில் பெரிய இடத்துப் பையனிடம் சவால் விட்டு, எப்போதோ செத்துப்போன அழகியின் ஆவியையே கூப்பிடுகிறான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அப்புறம் தனியாகப் படகில் போய் டிராகனை எதிர்ப்பானே! தோட்டத்துப் பையனான எனக்கு, அவன் நான்தான்.

இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் கட்டுரைக்குப் பிறகு புத்தகத்தை வாங்கி நானும் மகளும் இரவில் மாறி மாறிப் படித்தோம். கோபிக்க வேண்டாம் டீச்சர், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சவால் வந்தது தெரிவதற்குள் முடிந்துவிட்டது. டிராகனும் அப்படித்தான். நடுவில் அவன் படகிலேயே போய்க்கொண்டிருக்கிறான், போய்க்கொண்டே இருக்கிறான். மகளுக்கு 13 வயது. பாதியில் நிறுத்தி, "அப்பா, இந்த ஸ்கூல்ல ஏன் ஒரு பொண்ணுகூட இல்ல?" என்றாள். முடித்த பிறகு, "வர்ற பொம்பளைங்க எல்லாம் கெட்டவங்க, இல்லாட்டி செத்தவங்க, இல்லாட்டி ரொட்டி சுடுறவங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மாறிப்போனது புத்தகமா, நானா? பிடித்த புத்தகங்களை அப்படியே நினைவில் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனமா? மகளுக்கு என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கோபமெல்லாம் இல்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இதைவிடக் கடுமையான விமர்சனங்களை விடைத்தாள்களிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் வாக்கியம் என்னை இரண்டு நாள் விடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் அந்தச் சப்பென்று ஆன சமாசாரம்.

அந்தச் சவால் புத்தகத்தில் சில பக்கங்கள்தான் வரும். என் நினைவிலும் அது ஓர் அத்தியாயம் நீளத்துக்கு இருந்தது. பெண்டோர் தீவில் குட்டி டிராகன்கள் சில பத்திகளுக்குள் செத்து விழுந்துவிடுகின்றன. மொத்தப் புத்தகமே சுமார் இருநூறு பக்கம். பதினாறு வயதில் அகராதியைப் புரட்டிக்கொண்டு படித்தீர்கள் அல்லவா? ஒவ்வொரு தெரியாத சொல்லிலும் நின்று, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, அந்த இடைவெளியில் மிச்சத்தை நீங்களே எழுதிக்கொண்டீர்கள். இப்போது உங்கள் ஆங்கிலம் நன்றாகிவிட்டது. நிற்க வேண்டிய இடமே இல்லை. நீங்கள் எழுதிய பக்கங்கள் காணாமல் போய்விட்டன, லெ குவின் எழுதிய பக்கங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த மிஞ்சிய பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த டிராகன் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். கெட் தன் கர்வத்தால் உலகத்துக்குள் விட்டுவிட்ட நிழல் ஒன்று அவனைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அது தன்னைத் தேடி வந்தால் ஊர்க்காரர்களுக்கும் ஆபத்து என்று, வேலை பார்க்கும் தீவை விட்டுக் கிளம்ப நினைக்கிறான். ஆனால் டிராகன் பயத்தில் இருக்கும் மீனவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அதனால் தானே டிராகனைத் தேடிப் போகிறான். பழைய வரலாறுகளை வைத்து அந்தக் கிழட்டு டிராகனின் உண்மைப் பெயரை ஊகித்து வைத்திருக்கிறான். பெயர் தெரிந்தால் பிடி கிடைத்துவிடும், அந்த உலகத்தின் சட்டம் அது. டிராகன் பேரம் பேசுகிறது: உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்கிறேன், வேண்டுமா? அவனுக்கு உயிர்ப்பிச்சை அது. அவன் வாங்கவில்லை. நீயும் உன் பிள்ளைகளும் இந்தத் தீவுகளின் பக்கமே வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, நிழல் துரத்துகிற பழைய ஆளாகவே திரும்பிப் போகிறான்.

படிவம் நான்கில் இது நம் கண்ணில் படாது. டிராகன் தோற்றதா, சரி, அடுத்த பக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். சம்பளத்துக்கு ஒரு வேலையில் இருந்து, நாம் போன பிறகு அங்கே இருப்பவர்களின் கதி என்ன என்று ஒரு தடவையாவது யோசித்தவர்களுக்குத்தான் அந்தப் பேரம் உறைக்கும். தொழிற்சாலையில் உங்களுக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மறுபடி அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள்.

எனக்கு இந்த மாதிரி இடம் மாறிப்போனவர் ஓகியன். கெட்டின் முதல் குரு. இளவயதில் அவரைக் கண்டால் எரிச்சல் வரும். பையன் மந்திரம் கற்க வந்திருக்கிறான், இவர் காட்டில் நடக்கிறார், மூலிகை பறிக்கிறார், வாயே திறப்பதில்லை. என் பயிற்சி எப்போது தொடங்கும் என்று பையன் கேட்டால், தொடங்கிவிட்டதே என்கிறார். மழை வந்தால் அதைத் தள்ளிவிடும் மந்திரம் சாதாரண மழைக்காரனுக்குக்கூடத் தெரியும், இந்த மகா மந்திரவாதி மரத்தடியில் நனைந்துகொண்டு படுத்திருப்பார். நம் ஊரில் கல்யாணப் பந்தலுக்கு மழை வராமல் இருக்க போமோ என்கிற மலாய் மந்திரவாதியைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் ஓகியனுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். பல வருடம் வகுப்பில் நின்ற பிறகு படித்தபோது என் கண் வேறோர் இடத்தில் நின்றது. பையன் பொறுமையிழந்து ரோக் பள்ளிக்குப் போகிறேன் என்கிறான். ஓகியனுக்கு அவன் மீது பாசம். இருந்தும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை, பள்ளித் தலைவருக்கு அவனை வானளாவப் புகழ்ந்து கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறார். நல்ல மாணவன் இன்னொரு பள்ளிக்கு மாறிப் போகும்போது சான்றிதழில் கையெழுத்துப் போட்ட எந்த ஆசிரியருக்கும் அந்தக் கடிதம் எவ்வளவு கனம் என்று தெரியும்.

படகிலேயே போய்க்கொண்டிருக்கிறான் என்கிறீர்கள். அது மட்டும் எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை, அதற்குக் காரணம் என் தினசரிப் பயணமாக இருக்கலாம். பினாங்குத் தீவில் வீடு, அக்கரையில் பட்டர்வொர்த்தில் பள்ளிக்கூடம். 1985-இல் பாலம் திறந்த பிறகும் நான் ஃபெர்ரியை விடவில்லை. அந்தப் பழைய ஃபெர்ரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர்தான், ஞாபகம் இருக்கிறதா? பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் பாயார். ஒரு தீவின் மேல் உட்கார்ந்து இன்னொரு தீவுக்குப் போவது. கெட் பிறந்த கோன்ட் தீவு கடலிலிருந்து நேராக எழும் ஒற்றை மலை, ஒரு மைல் உயரம் என்று லெ குவின் எழுதுகிறார். நம் கொடிமலை 833 மீட்டர், ஏறக்குறைய அதில் பாதி. மேல்தட்டில் நின்று மலையைப் பார்த்து நான் மீதிப் பாதியைக் கற்பனையில் ஏற்றிக்கொள்வேன். லெ குவின் முதலில் வரைந்தது தீவுகளின் வரைபடத்தைத்தான், கதை அப்புறம் வந்தது. படகும் காற்றும் அக்கரையும் நமக்குப் புழங்கிய விஷயங்கள். நீங்கள் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கிறவர், உங்களுக்கு அலுப்பது நியாயம்தான். அந்தப் பழைய ஃபெர்ரிகளும் இப்போது நின்றுவிட்டன.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம்.

அவள் சொன்னது சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். கெட்டை ஏளனம் பண்ணி வினையில் மாட்டிவிடும் பெண்ணும், பின்னால் வடக்கே ஒரு கோட்டையில் அவனை மயக்கப் பார்க்கும் சீமாட்டியும் ஒருத்தியே. அவள் கெட்டவள். ஆவியாக வருகிறவள் செத்தவள். கடைசியில் நண்பன் வெட்சின் வீட்டில் ரொட்டி சுடுகிறவள் அவன் தங்கை, 'யாரோ' (Yarrow) என்று பெயர். (அந்தப் பெண்ணை மட்டும் உங்கள் மகள் கொஞ்சம் மன்னிக்க வேண்டும். மந்திரத்தால் வெளிச்சம் உண்டாக்குகிறீர்களே, கடலில் பசித்தால் இறைச்சி ரொட்டியும் உண்டாக்கிச் சாப்பிட வேண்டியதுதானே என்று இரண்டு மந்திரவாதிகளையும் மடக்குவாள். ரோக் பள்ளியின் பெரியவர்கள் யாரும் அப்படியொரு நல்ல கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.)

இந்தப் பட்டியலில் உங்கள் மகளும் விட்டுவிட்ட ஒருத்தி இருக்கிறாள். கெட்டின் அம்மாவோடு கூடப் பிறந்தவள், ஊர் மந்திரக்காரி. ஆடுகளைக் கூப்பிடும் மந்திரத்தை அவன் அவள் வாயிலிருந்துதான் ஒட்டுக் கேட்கிறான். ஆடுகள் அவனை நெருக்கிக்கொண்டு விடாமல் நிற்கும்போது வந்து காப்பாற்றி, இவனுக்குள் சக்தி இருக்கிறது என்று முதலில் கண்டுகொள்கிறவளும் அவள்தான். உலகத்தின் தலைசிறந்த மந்திரவாதிக்கு முதல் பாடம் சொன்னவள். ஆனால் பெண்களின் மந்திரம் வலுவற்றது, கெட்டது என்று அந்தத் தீவில் இரண்டு பழமொழிகள் இருப்பதாகக் கதைசொல்லி அதே இடத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பெயர்தான் எல்லாம் என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. நான் முதல் தடவை படித்தபோது அந்தப் பழமொழிகள் எனக்கு விசித்திரமாகவே படவில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் அந்த ரகப் பழமொழிகளுக்குப் பஞ்சமில்லை.

இப்போது உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவள் கேட்ட கேள்வியை லெ குவினும் தன்னிடம் கேட்டுக்கொண்டார். மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு பதில் எழுத 18 வருடம் ஆனது.

முதல் புத்தகம் 1968-இல் வந்தது. இரண்டாவது 1971, மூன்றாவது 1972. அத்தோடு எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். 1990-இல், அறுபது வயதில், 'தெஹானு' என்று நான்காவது புத்தகத்தை எழுதினார். அதே கோன்ட் தீவு, அதே ஓகியனின் வீடு. ஆனால் இந்த முறை நாம் சமையலறையிலிருந்து பார்க்கிறோம். கதையைத் தாங்குகிறவள் தெனார், கணவனை இழந்த நடுவயதுக்காரி. தீக்காயத்தோடு கிடந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் டிராகனின் முதுகில் வந்து சேர்கிறான், சக்தியெல்லாம் போய், உடைந்த மனிதனாக. கடலுக்குப் போயிருந்த மகன் திரும்பி வந்து, பாத்திரம் கழுவுவது தன் வேலை இல்லை என்கிற தோரணையில் நிற்கிறான். டிராகன் வரும் கதையில் கழுவாத பாத்திரத்துக்கு ஓர் இடம் கொடுக்க எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் தோன்றவில்லை. பள்ளி முடிந்து ஃபெர்ரி பிடித்து வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிக்குள் நுழைந்த காலத்தில் நான் அதைப் படித்தேன். அன்று நான் யார் பக்கம் இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய வாசகர்கள் பலருக்குக் கோபம். எங்கள் கெட்டை இப்படிச் செய்துவிட்டாரே என்று. 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ குவின் இதைப் பற்றி விரிவாகவே பேசினார். வீரக் கதை மரபே ஆண்களுடைய உலகமாக இருந்தது, முதல் மூன்று புத்தகங்களையும் தானும் அதற்குள் நின்றுதான் எழுதினேன் என்பது அதன் சாரம். ஆனால் 1968 புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை, அந்தப் பழமொழிகளை அடித்துத் திருத்தவும் இல்லை. அவை அங்கேயே இருக்கின்றன, உங்கள் மகள் படித்துக் கோபப்படும்படியாக.

அவளுடைய முதல் கேள்விக்கு, பள்ளியில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்பதற்கு, இன்னும் நேரான பதிலே உண்டு. 2001-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' தொகுப்பின் முதல் கதையைப் படித்தால் ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்கள் இருந்தது தெரியவரும். பிற்பாடு வந்த ஆண்கள் கதவைச் சாத்திவிட்டு, எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று வரலாறு எழுதிக்கொண்டார்கள். அதே தொகுப்பின் கடைசிக் கதையில் ஒரு பெண் அந்தப் பள்ளியின் கதவைத் தட்டுகிறாள். மேற்கொண்டு சொல்ல மாட்டேன், மகளுக்குக் கொடுங்கள்.

மாறிப்போனது புத்தகமா நீங்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

மூன்றாவது புத்தகமான 'த ஃபார்தெஸ்ட் ஷோரில்' இறந்தவர்களின் நாடு வரும். தாழ்வான ஒரு கல்சுவர், அதற்கு அந்தப் பக்கம் காய்ந்த நிலம். காற்று இல்லை, நட்சத்திரங்கள் நகர்வதில்லை. இருண்ட தெருக்களில் இறந்தவர்கள் நடக்கிறார்கள். காதலுக்காக உயிர்விட்டவர்கள்கூட ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்து போகிறார்கள். இளம் ஆசிரியையாக இருந்தபோது அந்தப் பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டி, என்ன கம்பீரமான கற்பனை என்று புகழ்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமான ஆண்டு, காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, பழகிய புத்தகம்தானே என்று அதை எடுத்தேன். அந்தத் தெரு வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை. நம் வீடுகளில் இறந்தவருக்குப் பிடித்த கறியை வைத்துப் படையல் போடுகிறோம், சிலர் சுருட்டு வைப்பார்கள், ஸ்டௌட் பீர்கூட வைப்பார்கள். வந்து சாப்பிடுவார், நம்மை அவருக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை. அவருக்கு உன்னைத் தெரியாது என்கிறது அந்தப் பக்கம். கம்பீரமாவது ஒன்றாவது, புத்தகத்தைத் தூக்கி அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிட்டேன். அந்த வாரம் உங்கள் கடிதம் வந்திருந்தால், ஆமாம் தம்பி, பிடித்த புத்தகங்களை மறுபடி தொடாதீர்கள் என்றுதான் பதில் எழுதியிருப்பேன்.

பிறகு, ரொம்ப நாள் கழித்து, எர்த்ஸீ வரிசையின் கடைசி நாவலான 'தி அதர் விண்டை' எடுத்தேன். அதுவும் 2001-இல் வந்தது, அப்போது லெ குவினுக்கு எழுபது தாண்டிவிட்டது. உடைந்த பானைகளை ஒட்டவைக்கும் எளிய மந்திரக்காரன் ஒருவன் வருகிறான். செத்துப்போன மனைவி ஒவ்வொரு இரவும் கனவில் அந்தக் கல்சுவர் அருகே வந்து நிற்கிறாள். அவனை அவளுக்குத் தெரிகிறது. சுவரைத் தாண்டிக் கையை நீட்டுகிறாள். வெளியே விடுங்கள் என்று அங்கிருக்கும் இறந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் காய்ந்த நிலம் இயற்கையில் இருந்ததே இல்லை, சாவை ஜெயிக்க ஆசைப்பட்டுப் பழைய மந்திரவாதிகள் டிராகன்களின் நிலத்தைத் திருடிச் செய்த சிறை அது என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. கடைசியில் சுவரை இடிக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சாவைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சரியாகச் சொன்னவர்கள் யார் தெரியுமா? கார்கிஷ் மக்கள். முதல் புத்தகத்தின் தொடக்கத்தில் கெட்டின் ஊரைக் கொளுத்த வந்து, அவன் உண்டாக்கிய மூடுபனியில் திண்டாடினார்களே, அந்த வெள்ளைத்தோல் காட்டுமிராண்டிகள். அவர்களுக்கு மறுபிறவி உண்டு. செத்தவர்கள் மண்ணோடும் உயிர்களோடும் கலந்து திரும்ப வருகிறார்கள், கல்சுவருக்குப் பின்னால் போவதே இல்லை. 33 வருடம் கழித்து அவர்களுடைய இளவரசி ஒருத்தி வந்து இந்த விஷயத்தைப் பெரிய மந்திரவாதிகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. லெ குவின் சீனர்களின் தாவோ தத்துவத்தின் மீது ஆயுள் முழுக்க ஈடுபாடு கொண்டவர், 'தாவோ தே ஜிங்'கைத் தன் ஆங்கிலத்தில் 1997-இல் தந்தவர். அந்த வாசனை இதில் இருக்கிறது. ஆனாலும் திவசம் கொடுக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு, இந்த அம்மா நம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாரே என்றுதான் தோன்றியது.

ஊர் மந்திரக்காரி, கொள்ளைக்கார வெள்ளையர்கள், சுவருக்குப் பின்னால் இருக்கும் செத்தவர்கள். மூன்று கூட்டமும் முதல் புத்தகத்தின் ஓரத்தில் நின்றவர்கள்தான். லெ குவின் தன் புத்தகத்துக்குத் திரும்பிப் போனபோது தான் முன்பு பார்க்காமல் கடந்து வந்த இந்த மூன்று பேர் பக்கத்தில் போய் நின்றார். நீங்கள் திரும்பிப் போனபோது பழைய இடத்திலேயே, கெட்டின் தோளுக்குப் பின்னாலேயே நின்று, முன்பு தெரிந்த அதே காட்சி தெரிகிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். அது தெரியாது. உங்கள் மகளுக்குப் பழைய இடம் என்று ஒன்று கிடையாது, அதனால் அவள் நேராக ஓரத்துக்கே போய்விட்டாள். இதற்குப் பிறகும் புத்தகத்தை அவளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றி உங்கள் இருவரின் பேச்சிலும் வந்ததாகத் தெரியவில்லை. கெட் செம்பழுப்பு, வெட்ச் நல்ல கறுப்பு, வெள்ளையர்கள் கொள்ளைக்காரர்கள். 1968-இல் இது துணிச்சல். பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளைக்காரனாக வரைந்தே விற்றார்கள். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய பிரதியிலும் ஒரு வெளிறிய முகம்தான். 2004-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும் வெள்ளை நடிகர்தான், லெ குவின் அதைக் கண்டித்துப் பகிரங்கமாகக் கட்டுரையே எழுதினார். அட்டையில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கு நடுவே வளரும் பிள்ளை, அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

பிடித்த புத்தகங்களைத் தொடாமல் விடலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. நானும் சில நாவல்களைத் திரும்ப எடுப்பதில்லை. பெயர் சொன்னால் நண்பர்கள் சிலர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். தீபாவளி மலரில் படித்து அழுத கதைகள், அழுததோடு இருக்கட்டும் என்று விட்டவை. ஆனால் எழுதியவரே மூன்று முறை திரும்பி வந்து சண்டை போட்ட புத்தகத்தை நாம் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவானேன்?

மகளுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆசிரியைப் பழக்கம் விடாது. இரண்டாவது புத்தகம், 'த டூம்ஸ் ஆஃப் அதுவான்'. சின்னக் குழந்தையாகத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, செத்துப்போன பூசாரியின் மறுபிறவி என்று சொல்லி வளர்க்கப்படும் தெனாரின் கதை. நிலத்துக்கடியில் இருட்டுச் சுரங்கம், அதில் விளக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. கெட் கதை பாதியை நெருங்கும்போதுதான் வருவான், அதுவும் அவள் கையில் கைதியாக. 13 வயதுக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை. 'தெஹானு' இப்போது வேண்டாம். அந்தக் குழந்தைக்கு அவளுடைய சொந்த மனிதர்கள் செய்த கொடுமையை லெ குவின் பூசி மெழுகவில்லை. இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

நீங்கள் அதை இப்போதே படியுங்கள். முடித்ததும் எழுதுங்கள், முக்கியமாகக் கடைசி அத்தியாயத்தைப் பற்றி. அவ்வளவு பொறுமையாகச் சமையலறையிலேயே நடந்த கதையை முடிக்க டிராகனை அவசரமாக வரவழைத்துவிட்டார் என்பது என் கட்சி. எனக்குத் தெரிந்த எல்லோரும் அந்த முடிவுதான் புத்தகத்தின் உச்சம் என்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
டீச்சர்